அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை

எங்கள் கம்பெனியில் சொன்ன பொய்களெல்லாம் ஒரு புதன்கிழமை காலையில் உண்மையாகிவிட்டன. எப்படி ஆயின, யார் செய்த வேலை, எந்தச் சாமிக்கு எங்கள் மேல் இத்தனை அக்கறை என்று துருவுகிறவர்கள் வேறு யாரையாவது பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம். நான் செக்கிங்கில் இருபது வருஷமாக நிற்கிறவள். ஒரு பனியனைக் கையில் வாங்கினால் தையல் எங்கே விட்டிருக்கிறது, எண்ணெய்க் கறை எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்வேன். பஞ்சு எந்தக் காட்டில் வெடித்தது என்று என்னைக் கேட்டுப் பிரயோஜனமில்லை.

என் பெயர் துளசிமணி. எங்களுடையது தொண்ணூறு பேர் வேலை செய்கிற பனியன் கம்பெனி. காலை எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர ராத்திரி ஒன்பதாகும். இதற்கு எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். அந்த அரை ஷிப்ட்டை எங்களிடம் கேட்டு வாங்கியது யார் என்று யாரும் கேட்டதில்லை, மழை பெய்கிறது வெயில் அடிக்கிறது என்பது போல அதுவும் இருந்தது.

வருஷத்துக்கு இரண்டு தடவை ஆடிட் வரும். வெளிநாட்டில் எங்கள் சரக்கை வாங்குகிற பையர், இங்கே ஆட்களை ஒழுங்காக நடத்துகிறார்களா, நெறிமுறை, நன்னடத்தை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவர ஓர் ஆளை அனுப்புவார். அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே கம்பெனிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். கழிப்பறையில் வாசனைச் சோப்பு முளைக்கும், காலியாகக் கிடந்த முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் மருந்தும் வந்து உட்காரும், தீப்பிடித்தால் ஓடுவதற்கென்று இருக்கிற பின்கதவின் பூட்டு கழலும், அதை மறித்து அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் மாடிக்கு ஏறும், சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிற நடத்தை விதிகளை வாட்ச்மேன் ஈரத்துணியால் துடைப்பார், துடைத்த பிறகுதான் அதில் எழுத்து இருப்பதே எங்களுக்குத் தெரியவரும். ஆடிட் முடிந்த மறுநாள் காலையில் அதே வாட்ச்மேன் ஒரு சாக்குப்பையோடு வந்து எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு போவார்.

பொருள்களைப் போலத்தான் பதில்களும். முந்தின நாள் டீ முடிந்ததும் மேனேஜர் கிரிதரன் கட்டிங் டேபிள் மேல் ஏறி நின்று எங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார்.

"எத்தனை மணி நேரம் வேலை?"

"எட்டு மணி நேரமுங்க சார்!"

"எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீங்க?"

"அஞ்சரைக்குங்க சார்!"

"பின்கதவு?"

"எப்பவும் தொறந்தேதானுங்க இருக்கும்!"

"மேனேஜர் எப்படி?"

"கூடப் பொறந்த அண்ணன் மாதிரிங்க சார்!"

யாராவது தடுமாறினால் எல்லோரும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நாங்களும் சிரித்துக்கொண்டேதான் சொல்வோம். சரியாகச் சொல்லாவிட்டால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் உங்கள் வேலையும் போய்விடும் என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார், அது ஒன்றுதான் அவர் சொன்னதில் உண்மை.

அந்த வருஷம் என்னை மட்டும் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டு இன்னொரு பதிலும் சொல்லிக்கொடுத்தார். அதற்குக் காரணம் ஒச்சம்மாள்.

ஒச்சம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. நாலாவது மெஷின் லைனில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். எட்டாவது படிக்கிற தர்ஷிணி என்ற பெண்ணோடு ஓர் ஒற்றை அறையில் இருந்தாள். அவளுக்கு முன் டேபிளில் லேபிள் தைக்கிற கோகிலவாணி, தாராபுரம் பக்கத்துச் சின்னப்பெண், வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தையல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று மேனேஜர் கிரிதரன் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார், தோளில் கை வைப்பார், வைத்த கை தோளோடு நிற்காது. தொண்ணூறு பேரும் பார்த்தோம். தொண்ணூறு பேரும் குனிந்து ஊசியைப் பார்த்தோம். ஒச்சம்மாள் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்துபோய், "சார், கைய எடுங்க," என்றாள். அந்த லைனில் எல்லா மெஷினும் ஒரு கணம் நின்று பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் அவள் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டாள். அந்தப் பெட்டிக்குச் சாவியே கிடையாது. அது தெரிந்ததும் நோட்டீஸ் போர்டுக்குப் போய், புகார் கமிட்டி என்று போட்டிருந்த பட்டியலைப் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"எக்கா, போர்டுல ரெண்டாவதா ஒங்க பேருதான் போட்டுருக்கு. ஒங்ககிட்டச் சொன்னா நீங்க விசாரிக்கணுமாம்ல."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஆபீசில் கூப்பிட்டு, ஒரு பொட்டலம் மிக்சரும் டீயும் கொடுத்து, வெறும் தாளில் கையெழுத்து வாங்கினார்கள், அதுதான் கமிட்டி. "எனக்கு ஒண்ணுந் தெரியாது சாமி. போடச் சொன்னாங்க, போட்டேன். என்னைய இதுல இழுக்காதே," என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. திரும்பி மெஷினுக்குப் போய்விட்டாள். அடுத்த நாள் கேட்டில் வாட்ச்மேன் அவளை உள்ளே விடவில்லை. அதற்கடுத்த நாள் வருகைப் பதிவேட்டில் அவள் பக்கம் கிழிந்திருந்தது. ஆனால் ஒச்சம்மாள் சும்மா போகிறவள் இல்லை, கேட்டுக்குப் பக்கத்தில் பையர் ஒட்டவைத்திருந்த நோட்டீஸில் விலாசமும் போன் நம்பரும் இருந்தன, அந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டாள். அதனால்தான் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒச்சம்மாள்னு ஒருத்தியைப் பத்திக் கேப்பாங்க. அப்படி யாரும் இங்க வேலை செய்யலீங்க. சொல்லும்மா."

ஏழு தடவை சொல்ல வைத்தார்.

செவ்வாய்க்கிழமை ஆடிட்டர் அம்மா வந்தார். ஜலதோஷம் பிடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பார்க்கவே பாவமாக இருந்தார். பதினொரு பேரைக் கூப்பிட்டுக் கேட்டார், கேட்டதை எழுதிக்கொண்டார். சிலரிடம் நேரத்தைக் கேட்டார், சிலரிடம் சோப்பையும் கதவையும் கேட்டார், கோகிலவாணியிடம் மேனேஜரைக் கேட்டார். கடைசியாகக் கமிட்டி உறுப்பினர் என்று என்னைக் கூப்பிட்டார். ஒச்சம்மாளைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான். நான் சொன்னேன். நாக்கு கூசவில்லை, குரல் நடுங்கவில்லை, பயிற்சி அப்படி. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் புதன்கிழமை. வாட்ச்மேன் சாக்குப்பையோடு வந்து கழிப்பறைச் சோப்பை எடுத்துப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினால் அதே இடத்தில் இன்னொரு சோப்பு இருந்தது. அதையும் எடுத்தார், இன்னொன்று இருந்தது. டீ டைமுக்குள் நாற்பது சோப்பு எடுத்துவிட்டு, இது நமக்கு ஆகிற வேலை இல்லை என்று பையை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பின்கதவில் மாட்டிய பூட்டு, மாட்டிய கையை எடுப்பதற்குள் கழன்று விழுந்தது. பெரிய பூட்டு வாங்கிவந்தார்கள், அது சத்தமாக விழுந்தது. சாயங்காலம் அஞ்சரைக்கு எல்லா மெஷினின் ஊசியும் துணிக்கு மேலே எழும்பி நின்றது, எங்கள் கால்கள் எங்களைக் கேட்காமல் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்க்க நடந்தன. முதலாளி வாசலில் நின்று, "ஏனுங், எங்கீங் போறீங்க எல்லாரும்?" என்று கத்தினார். "வீட்டுக்குங்க மொதலாளி," என்று தொண்ணூறு வாயும் சொன்னது.

மேனேஜர் கிரிதரன் வியாழக்கிழமை ஒரு தாம்பாளத்தில் வாழைப்பழம், வளையல், ஒரு முழம் மல்லிகைப்பூ, ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து லைனுக்குள் கொண்டுவந்து, கோகிலவாணி முன்னால் வைத்து, "ஆடி வரப்போகுது கண்ணு, அண்ணன் சீர்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. பெண்கள் பக்கம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார்.

ஊர் இதையெல்லாம் மூன்று நாளில் பழகிக்கொண்டது. முக்குப் பேக்கரிக்காரர் பப்ஸ் சூடாகப் போடுகிற நேரத்தை ஒன்பதிலிருந்து ஆறுக்கு மாற்றிக்கொண்டார், மினி பஸ்காரர் ஒரு டிரிப்பை முன்னால் இழுத்துக்கொண்டார், ஆறு மணிக்கே அம்மா வீட்டில் இருப்பதைப் பார்த்த பிள்ளைகள் முதல் இரண்டு நாள் நமக்கு என்ன உடம்புக்கு வந்துவிட்டதோ என்று பயந்து பிறகு மடியில் ஏறிக்கொண்டன. அயர்னிங் சம்சுதீன் பாய் பதினொரு வருஷமாக வேலை நாளில் சூரியன் இறங்கிப் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, "இது தினமும் இப்படித்தான் ஆகுதா தங்கச்சி?" என்று என்னிடம் கேட்டார். தினமும்தான் பாய் என்றேன். பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் எங்கள் கேட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், எங்கள் சோப்பில் ஒன்று கேட்டு வாங்கிப்போனார்கள், அவர்களுடைய முதலாளிகள் அந்த மாதம் ஆடிட்டே வேண்டாம் என்று தள்ளிப்போட்டார்கள்.

எங்கள் முதலாளி முதலில் வாஸ்து பார்த்தார். பிறகு யோசித்து, பொய் பலிக்கிறது என்றால் நமக்கு வேண்டிய பொய்யைச் சொல்லவைப்போம் என்று தன் மச்சானுக்கு டை கட்டி, கையில் ஃபைல் கொடுத்து ஆடிட்டராக உட்காரவைத்து, "ஒரு நாளைக்கு எட்டாயிரம் பீஸ் தைக்கிறமுங்க," என்று எங்களைச் சொல்லவைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மச்சானுக்கு மட்டும் டை பிடித்துப்போய் ஒரு வாரம் கழற்றாமல் திரிந்தார்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நானும் இருந்தேன், நாலு நாள். ஐந்தாவது நாள் நாலாவது லைனில் காலியாக இருந்த மெஷினைக் காட்டி, "ஒச்சம்மா இருந்திருந்தா அவளும் அஞ்சரைக்குப் போயிருப்பா," என்றேன் பக்கத்து டேபிள் ராமாத்தாளிடம்.

"யாரு?" என்றாள் ராமாத்தாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். ஒச்சம்மாளும் அவளும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். "அந்த மெசினு எப்பவும் காலியாத்தானே கெடக்குது," என்று அவள் பனியனைத் திருப்பிப் போட்டாள். சம்சுதீன் பாயிடம் கேட்டேன், நெற்றியைத் தடவிக்கொண்டு தெரியலையே என்றார். யாருக்காக ஒச்சம்மாள் எழுந்து நின்றாளோ அந்தக் கோகிலவாணியிடமே கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. மறதி தொண்ணூறு பேர் தலையிலும் வந்து குந்திக்கொண்டிருந்தது, என் தலையில் மட்டும் இடமில்லாமல் போய்விட்டது. பொய்யைச் சொன்னவள் நான் அல்லவா, அதனால் எனக்கு மட்டும் எல்லாம் நினைவில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒச்சம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றவளை என் வீட்டுக்காரர் கண் எதிரே இருந்தும் காணாமல் தாண்டிப் போனார். அவ்வளவு லேசாகிப் போயிருந்தாள்.

"எக்கா, ஒங்களுக்கு என்னையத் தெரியுதுல்ல?" என்றாள். தெரிகிறது என்றேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மொதல்ல லைன்ல உள்ளவளுக பாக்காம போனாளுக. கோவம்னு நெனச்சேன். அப்புறம் வீட்டுக்காரம்மா, இந்த ரூம்பு காலியாத்தான கெடக்கு, நீ யாருன்னு கேக்குது. ரேஷன் கடையில என் பேரு இருந்த எடம் வெள்ளையா இருக்கு. அதெல்லாம் போகட்டும்க்கா." அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "இன்னைக்குக் காலையில எம்மகளுக்குத் தல சீவி விட்டேன். கண்ணாடியில என்னையப் பாத்துச்சு. அம்மான்னு கூப்புட வாயத் தெறந்துச்சு. கொஞ்ச நேரம் யோசிச்சுச்சுக்கா. யோசிச்சுட்டுத்தான் கூப்புட்டுச்சு."

என் காலடியில் உட்கார்ந்திருக்கிறவளை ஊரிலிருந்து ஒரே வரியில் துடைத்துப் போட்டவள் நான், இன்னும் சில நாளில் அவள் பெற்ற பிள்ளையின் தலையிலிருந்தும் துடைத்துவிடுவேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "சொன்ன வாயி ஒங்களுது. நீங்கதான் எடுக்கணும்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். படியில் அவள் உட்கார்ந்த இடத்தில் ஒரு சூடுகூட இல்லை.

திங்கட்கிழமை காலை, கேட்டில் பையர் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டு ஆடிட்டர் அம்மாவைப் பிடித்தேன். நான் சொன்ன ஒரு வரி தப்பு, அதை மட்டும் அடித்துவிடுங்கள் என்றேன். அவர் தும்மிவிட்டுச் சொன்னார்: "ஒரு வரியை மட்டும் அடிக்க முடியாதும்மா. கமிட்டி உறுப்பினரே மாத்திச் சொன்னா அறிக்கை முழுக்க ரத்து. வியாழக்கிழமை வரேன். அதுக்குள்ள நல்லா யோசிச்சுக்குங்க."

அறிக்கை முழுக்க ரத்து என்றால் அஞ்சரை மணி போய்விடும். சோப்பு போய்விடும், கதவு பூட்டிக்கொள்ளும். மேனேஜரின் கை பின்னாலிருந்து முன்னால் வரும்.

சொல்லாமல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். யாரும் என்னைப் பைத்தியம் என்று சொல்லவில்லை, சோப்பு முளைப்பதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு ஓர் ஆள் காணாமல் போவதை நம்புவது கஷ்டமில்லை. ஆனால் ராமாத்தாள் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டாள். அவள் புருஷன் வாதம் வந்து படுத்து மூன்று வருஷம்.

"அந்த மனுசனுக்கு இத்தனை நாளும் பக்கத்து வீட்டுக்காரிதான் சோறூட்டுனா. இப்பத்தான் ஆறு மணிக்கு நான் போயி ஊட்டறேன். எனக்கு மூஞ்சியே தெரியாத ஒருத்திக்காக அதைய விடோணுமா? நீ சொன்ன பொய்யி, அதுக்கு நாங்க ஏன் அழுவோணும்?"

"ஒச்சம்மாளும் நீயும் ஒரே டப்பால தின்னீங்க, ராமாத்தா."

"எனக்கு நெனப்பில்லை. நீ போயிச் சொல்லு, வேண்டாங்கல. அப்புறம் என் மூஞ்சில முழிக்காதே."

அவள் கேட்டதில் என்ன தப்பு? சம்சுதீன் பாய் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "எனக்கும் அந்தப் பொண்ணு ஞாபகம் இல்லம்மா. ஆனா ஒரு பொண்ணு இல்லாம போறதுல வர்ற சாயங்காலத்தை நான் எப்படிப் பாக்கறது? சொல்லிரு," என்றார். நாலைந்து பேர் அவரைத் திட்டினார்கள். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எனக்குக் கேட்க வேண்டியது கோகிலவாணியைத்தான். மற்றவர்களுக்குப் போவது நேரம், அவளுக்கு வரப்போவது ஒரு கை. அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கும் ஒண்ணும் நெனப்பில்லை. மேனேஜர் சாரு தங்கமான மனுசரு, நெதமும் பூ வாங்கிக் குடுக்கறாரு. ஆனா அவரு எம் பின்னாடி வந்து நின்னாருன்னா முதுகெல்லாம் ஊசி குத்துது. அந்தப் பூவ வெச்சா தலை வலிக்குது. எனக்கென்னமோ கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கிறுக்கு இல்லையில்ல?"

"இல்ல கண்ணு."

"அப்ப சொல்லிப்போடுங்கக்கா. கை வரட்டும். வந்தா வெச்சுப் பாத்துக்கறேன். எனக்கு நடந்ததை எனக்கே தெரியாம வெச்சிட்டு அந்தாளு பூ குடுப்பானாமா?"

அவள் அவர் என்பதிலிருந்து அவன் என்பதற்கு வந்துவிட்டாள் என்பது அவளுக்கே தெரியாது. எனக்கு அதுவரை இருந்த பயம் அந்த இடத்தில் கோபமாக மாறியது. அந்த மனிதன் ஒரு மன்னிப்பும் கேட்காமல், ஒரு நாளும் தலைகுனியாமல், எங்கள் வாயாலேயே நல்லவனாகியிருந்தான். அவனுடைய நல்லதனத்துக்கும் நாங்கள்தான் வேலை செய்திருக்கிறோம், அதுவும் ஓவர்டைமில்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஆடிட்டர் அம்மா வந்தார். மேனேஜர் சிரித்த முகமாக வரவேற்று நாற்காலி போட்டார். அவருக்கு ஒரு பதற்றமும் இல்லை, மறைக்க ஒன்றும் இல்லாத மனிதர். "விசாரிங்க மேடம், எங்க கம்பெனியில ஒரு தப்பும் கிடையாது," என்றார், அது சத்தியமான உண்மையாகவும் இருந்தது. முதலாளி பின்னால் நின்று என்னை முறைத்தார். நான் ஆபீசுக்குள் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும், நாலாவது லைனில், காலி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"ஒச்சம்மாள் இங்க வேலை செஞ்சவ. நாலு வருசம் செஞ்சா. இந்த மேனேஜர் இந்தப் புள்ளை மேல கை வெச்சாரு, அவ தட்டிக் கேட்டா, எங்கிட்டப் புகார் குடுத்தா, நான் வாங்க மாட்டேன்னேன். அவளை வெளிய தள்ளிட்டாங்க. உங்ககிட்ட அப்படி யாருமில்லைன்னு சொன்னேன். பொய்யிங்க."

"பதிவேட்டுல இல்லையேம்மா. சாட்சி இருக்கா?"

"நான்தானுங்க சாட்சி. பொய் சொன்னவ."

அவர் பையிலிருந்து அந்த அறிக்கையை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார்.

பின்கதவடியில் விழுந்து கிடந்த பூட்டு தானாக ஏறி மாட்டிக்கொண்ட சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு தொண்ணூறு பேரும் ஒரே மூச்சில் அந்தக் காலி மெஷினைத் திரும்பிப் பார்த்தார்கள். "அய்யோ, ஒச்சம்மா, எம் புள்ள," என்று ராமாத்தாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் கிரிதரனின் முகம் பழைய முகமானது. தண்ணீர் கலங்குகிற மாதிரி ஒரு கலங்கல், அவ்வளவுதான். பின்னால் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. பக்கத்தில் கோகிலவாணி நின்றாள். ஆடிட்டர் நிற்கிறார், முதலாளி நிற்கிறார், தொண்ணூறு பேர் பார்க்கிறார்கள், ஆனால் பழகிய கைக்கு அதெல்லாம் தெரியுமா, அது பாட்டுக்கு அவள் தோளைப் பார்க்கப் போனது.

கோகிலவாணி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து, உயர்த்தி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

"மேடம், இதை எழுதுங்க," என்றாள்.

ஆடிட்டர் அம்மா புதுத் தாளை எடுத்தார். முதலில் வந்தது ராமாத்தாள்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க மாட்டேன் என்று சொன்னவள் அல்லவா. "எட்டு மணி நேரம் இல்லீங்க. எட்டரைக்கு வந்தா ராத்திரி ஒம்பதாகுமுங்க. எழுதுங்க," என்றாள். அவளுக்குப் பின்னால் சம்சுதீன் பாய், அவருக்குப் பின்னால் பாதி லைன், அப்புறம் தலையைக் குனிந்தவர்களும் ஒவ்வொருவராக.

"எல்லாத்தையும் எழுதினா பையர் ஆர்டரை நிறுத்திடலாம். உங்க வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று ஆடிட்டர் அம்மா கேட்டார்.

"கம்பெனிய மூடிப்போடுவேன்!" என்று முதலாளி கத்தினார்.

"மூடுங்க," என்றாள் ராமாத்தாள். "ஊரெல்லாம் கம்பெனிதான். தைக்கற கை எங்க கை."

கேட்டில் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் யாரையோ பார்த்து, "வாம்மா, வாம்மா," என்று பதறிக் கதவைத் திறந்தார். ஒச்சம்மாள் உள்ளே வந்தாள். ஓடிவந்திருக்கிறாள், தலை கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, காலடி தரையில் திம் திம்மென்று விழ நடந்து வந்தாள். பெண்கள் அவளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் எல்லோரையும் விலக்கிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்துச்சு. டீச்சரு புள்ள கையில குடுத்தாக. அம்மா, எங்க போயிருந்தன்னு எம்மக அழுகுது."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒங்கள நான் மன்னிக்கலக்கா. பதினாறு நாளு நான் இல்லாம இருந்தேன். அது எப்படி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது. மன்னிப்பேனான்னும் எனக்குத் தெரியல. அது அப்புறம்." அவள் தன் மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "கமிட்டியில ஒங்க பேரு இருக்குல்ல? ஒக்காருங்க. பேனாவ எடுங்க. அன்னைக்கு வாங்க மாட்டேன்னீங்கள்ல, இப்ப நான் சொல்றேன், நீங்க ஒங்க கையால எழுதணும்."

மேனேஜர், கோகிலவாணியின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, "மெசினுக்குப் போங்க எல்லாரும்! ஷிப்மெண்ட் இருக்குது, போங்க!" என்று கத்தினார். மணியை அடித்தார். மறுபடி அடித்தார். இந்தத் தடவை எங்கள் கால்களை யாரும் பிடித்து வைக்கவில்லை, எந்த மாயமும் நிறுத்தி வைக்கவில்லை, போக வேண்டுமென்றால் போயிருக்கலாம். ஒருத்தரும் நகரவில்லை. ஒச்சம்மாளைச் சுற்றி இன்னும் நெருக்கமாக நின்றார்கள்.

ஆடிட்டர் அம்மா தன் தாள்களில் ஒன்றை உருவி என்னிடம் நீட்டினார். நான் அதை அவள் மெஷினின் பலகை மேல் வைத்துக்கொண்டு எங்கிருந்து ஆரம்பிக்க என்று ஒச்சம்மாளைக் கேட்டேன்.

"எம் பேருல இருந்து ஆரம்பிங்க," என்றாள். "முழுசா எழுதுங்க."

எழுதினேன்.